கடை ஷூ சேராத காலுக்கு: வாங்குவதா, மாற்றுவதா, செய்யச் சொல்வதா?

கண்ணாடி அலமாரியில் அழகாக இருக்கிற ஷூ காலில் ஏறாது. ஏறுகிற ஷூவைப் போட்டுக்கொண்டு ஒரு கல்யாணத்துக்குப் போக மனம் வராது. போலியோவால் ஒரு கால் குட்டையானவர்கள், பக்கவாதத்துக்குப் பிறகு முன்பாதம் தொங்குகிறவர்கள், காலைத் தாங்க காலிபர் என்ற சட்டமோ, கணுக்காலைத் தாங்க பிளாஸ்டிக் ஸ்ப்ளின்டோ மாட்டுகிறவர்கள், செயற்கைக் கால் வைத்திருப்பவர்கள் எல்லாரும் கடைசியில் வந்து நிற்கிற இடம் இதுதான். வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்ப் பக்கம் இருப்பவர்களுக்கு நான்கு வழிகள் உண்டு. ரெடிமேட் ஷூவை அப்படியே வாங்கலாம். வாங்கி அடிப்பாகத்தை மட்டும் மாற்றலாம். பெரியமேட்டில் அளவு கொடுத்துச் செய்யச் சொல்லலாம். அரசு மருத்துவமனை வழியாகக் கிடைப்பதைப் போடலாம்.

எதுவென்று முதலிலேயே சொல்லிவிடுகிறோம். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது வழிதான். ஷூவுக்கு அழகு மேல்பாகத்தில். காலுக்கு வேண்டிய மாற்றமோ பெரும்பாலும் சோலில். மேல்பாகத்தை ஃபேக்டரியில் செய்தபடி வாங்கிக்கொண்டு, சோலுக்கு மட்டும் கைவேலைக்குக் காசு கொடுப்பதுதான் கட்டுப்படியாகும். இதற்கு மூன்றே விலக்கு: பாதத்தில் உணர்வு இல்லாதவர்கள், ஒரு கால் 5 செ.மீ.க்கு மேல் குட்டையானவர்கள், பாதத்தின் வடிவமே எந்தக் கட்டைக்கும் (ஷூ செய்யப் பயன்படும் பாத வடிவ அச்சு) அடங்காதவர்கள். ஏன் என்று கீழே வருகிறது.

## எதை வைத்து எடை போடுவது

நிறத்தையும் மாடலையும் பார்ப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை ஆறு.

வாய். ஷூ எவ்வளவு அகலமாகத் திறக்கிறது? கணுக்கால் மடங்காத காலுக்கு இதுதான் முதல் கேள்வி. லேஸ் ஷூவில் இரண்டு வகை உண்டு. லேஸ் போகும் இரண்டு மடல்களும் மேல்தோலின் மேலே தைக்கப்பட்டு, புத்தகம் மாதிரி விரிந்தால் டெர்பி. மடல்கள் உள்ளே தைக்கப்பட்டு, கீழே ஒட்டியபடியே நின்றால் ஆக்ஸ்ஃபோர்டு. ஸ்ப்ளின்ட் போடுகிறவர்கள், மேல்பாதம் உயர்ந்தவர்கள், செயற்கைக் கால்காரர்கள் டெர்பியைத் தவிர வேறெதையும் கையில் எடுக்க வேண்டாம்.

ஆழம். உள்ளே இருக்கிற இன்சோலைக் கழற்ற முடிகிறதா? கழற்றினால் 3 முதல் 5 மி.மீ. இடம் கிடைக்கும். பிளாஸ்டிக் ஸ்ப்ளின்டின் அடித்தகடும் கிட்டத்தட்ட அதே கனம்தான். இன்சோல் நிரந்தரமாக ஒட்டியிருந்தால் அந்த ஷூ உங்களுக்கு இல்லை.

சோல். வெட்டிப் பிரித்து ஒட்டக்கூடிய சோலா, அச்சில் ஊற்றிய சோலா, உள்ளே பொந்தா என்று பார்க்க வேண்டும்.

குதி உயரம். குதிப்பக்கக் கனத்திலிருந்து விரல்பக்கக் கனத்தைக் கழித்தால் வருவது. 28 மி.மீ., 18 மி.மீ. என்றால் வித்தியாசம் 10. செயற்கைப் பாதமும் ஸ்ப்ளின்டும் ஒரு குறிப்பிட்ட குதி உயரத்துக்காகச் சரிசெய்யப்பட்டவை. பழைய ஷூவைவிடப் புதியது 1 செ.மீ. கூடினால் முழங்கால் முன்னால் மடங்கும். குறைந்தால் பின்னால் தள்ளும். நன்றாக நடந்துகொண்டிருந்தவர் புது ஷூவில் திடீரென்று தடுமாறினால் பெரும்பாலும் காரணம் இதுதான். ஆனால் எல்லாரும் சைஸைத்தான் சந்தேகப்படுகிறார்கள். கடைக்கு ஒரு ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள்.

எடை. தசை பலவீனமான காலுக்கு 200 கிராம் கூடினாலே சாயங்காலம் இடுப்பு வலிக்கும்.

மொத்தச் செலவு. விலைச்சீட்டில் இருப்பது மட்டும் செலவு ஆகாது. எத்தனை நடை, எத்தனை நாள் கூலி, எத்தனை மாதம் உழைக்கிறது என்பதையும் சேர்க்க வேண்டும்.

## அளவு எடுப்பது

எந்த வழியில் போனாலும் கையில் சரியான அளவு வேண்டும். சாயங்காலம் எடுங்கள்; பாதம் வீங்கியிருக்கும். நின்றபடி, எப்போதும் போடுகிற சாக்ஸுடன், ஸ்ப்ளின்ட் இருந்தால் மாட்டிக்கொண்டு. நிற்க முடியாதவர்கள் உட்கார்ந்து, முழங்கால் மேல் இன்னொருவர் கையை ஊன்றி அழுத்தட்டும். காகிதத்தில் பாதத்தைச் சுற்றிக் கோடு போடும்போது பென்சில் நேர்குத்தாக நிற்க வேண்டும். உள்ளே சாய்ந்தால் அளவு 5 மி.மீ. வரை ஏமாற்றிவிடும்.

ஐந்து அளவு போதும், இரண்டு காலுக்கும் தனித்தனியாக. குதியிலிருந்து நீண்ட விரல் நுனி வரை. குதியிலிருந்து பெருவிரலடி மூட்டு வரை. விரலடி மூட்டுகளைச் சுற்றி. மேல்பாதத்தின் உயரமான இடத்தைச் சுற்றி. கடைசியாக, குதி முனையையும் கணுக்காலின் முன்மடிப்பையும் சேர்த்துச் சாய்வாக ஒரு சுற்று. இந்த ஐந்தாவதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். கணுக்கால் மடங்காத காலில் ஷூ ஏறுமா என்பதை அதுதான் சொல்லும்.

இரண்டாவது அளவும் முக்கியம். எந்த ஷூவும் விரலடி மூட்டு உட்காரும் இடத்தில்தான் மடங்கும்படி செய்யப்பட்டிருக்கும். போலியோ பாதத்தில் விரல்கள் குட்டையாக இருந்தாலும் குதிக்கும் மூட்டுக்கும் இடையிலான நீளம் அவ்வளவு குறைந்திருக்காது. சிலருக்கு நேர்மாறாக இருக்கும். நீளத்தை மட்டும் பார்த்து வாங்கினால் ஷூ ஓரிடத்தில் மடங்கும், பாதம் வேறிடத்தில் மடங்கும். அந்த மடிப்பு விரல்களின் மேல் விழுந்து தோலைக் கிழிக்கும்.

யு.கே. சைஸில் ஒரு எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நீளத்தில் 8.5 மி.மீ. வித்தியாசம். விரல் நுனிக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. காலியிடம் வேண்டும். பக்கவாதத்திலோ மூளை முடக்குவாதத்திலோ விரல்கள் ஷூவுக்குள் சுருண்டுகொள்ளும். வெளியிலிருந்து தெரியாது, அவருக்கும் தெரியாமல் போகலாம். அதற்கு ஒரு வழி: இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நிற்கச் சொல்லுங்கள். இடம் இருக்கிறதா என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

## நான்கையும் ஒரே பார்வையில்

| | அப்படியே ரெடிமேட் | ரெடிமேட் + மாற்றம் | அளவு கொடுத்துச் செய்வது | மருத்துவமனை வழி |
|---|---|---|---|---|
| நடை | 1 | 3 | 3 அல்லது 4 | 3க்குக் குறையாது |
| கால் நீள வித்தியாசம் | 1 செ.மீ. வரை | சுமார் 5 செ.மீ. வரை | அதற்கு மேலும் | அதற்கு மேலும் |
| தோற்றம் | இஷ்டம்போல் | கிட்டத்தட்ட இஷ்டம்போல் | செய்பவர் கையைப் பொறுத்தது | பெரும்பாலும் கறுப்பு, ஒரே மாடல் |
| மறைந்திருக்கும் செலவு | வீணாகும் இரண்டாவது ஜோடி | கைக்கூலி, ஒட்டு விடும் அபாயம் | காத்திருப்பு, முதல் ஜோடியில் திருத்தம் | போக்குவரத்து, கூலி இழப்பு |
| யாருக்குச் சேராது | உணர்வற்ற பாதம் | வடிவம் மிகவும் மாறிய பாதம் | அவசரக்காரர்கள் | விதவிதமாகப் போட நினைப்பவர்கள் |

## ரெடிமேட், அப்படியே

இரண்டு பாதத்துக்கும் அரை சைஸ் வரை வித்தியாசம் என்றால் பெரிய காலுக்கு வாங்கி, சின்னக் காலுக்கு நாக்கின் அடியில் 3 மி.மீ. ஃபோம் ஒட்டினால் போதும். பலர் முனையில் பஞ்சைத் திணிப்பார்கள். அது தப்பு, பாதம் பின்னாலேயே நிற்கும், மடிப்பு தவறான இடத்தில் விழும். நாக்கின் அடியில் ஒட்டுகிற ஃபோம் பாதத்தைக் குதிப்பக்கம் தள்ளிப் பிடித்துக்கொள்ளும்.

வித்தியாசம் ஒன்றரை சைஸைத் தாண்டினால் இரண்டு ஜோடி வாங்க வேண்டியதுதான். ஜோடி 1,500 ரூபாய் என்றால் போடுகிற ஒரு ஜோடிக்கு 3,000 ஆகிறது. இதைக் குறைக்க வழி உண்டு. உங்களுக்கு இடது 5, வலது 8 என்றால், எங்கோ ஒருவருக்கு இடது 8, வலது 5 இருக்கும். போலியோ வந்தவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு வரி போட்டு வையுங்கள். மாடலும் நிறமும் முன்கூட்டியே பேசிக்கொண்டால் வீண் இல்லை. அமெரிக்காவில் ஸாப்போஸ் என்ற கடை 2020ல் ஒற்றை ஷூ விற்கத் தொடங்கியது. இங்கே நாமே ஜோடி சேர்த்துக்கொண்டால்தான் உண்டு.

பெரியவரின் சின்னப் பாதத்துக்கு இன்னொரு தந்திரம் பள்ளிக்கூட ஷூவும் வெள்ளை கேன்வாஸும். குழந்தை சைஸிலிருந்து பெரியவர் சைஸ் வரை ஒரே மாடல் வருவதால் 1ம் 6ம் வாங்கினாலும் பார்க்க ஒரே ஜோடியாக இருக்கும். கேன்வாஸுக்கு நிறம் ஏற்றிக்கொள்ளவும் முடியும்.

குனிந்து லேஸ் கட்ட முடியாதவர்கள், ஒரு கை மட்டும் வேலை செய்கிறவர்கள் இப்போது நேராகப் போய்க் கேட்பது குனியாமல் மாட்டும் வகை. மேத்யூ வால்சர் என்ற மூளை முடக்குவாதம் உள்ள அமெரிக்க இளைஞர் எழுதிய கடிதத்துக்குப் பிறகு நைக்கி 2015ல் ஃப்ளைஈஸ் வரிசையைக் கொண்டுவந்தது. குதியைச் சுற்றி ஜிப் திறக்கும் மாடல்கள் அதில் வந்தன. ஸ்கெச்சர்ஸின் ஸ்லிப்-இன்ஸ் வேறு மாதிரி: குதிப்பக்கம் விறைப்பாக நிற்கும், காலை அப்படியே உள்ளே தள்ளலாம். பாதத்தைத் தள்ளும் பலம் இருப்பவர்களுக்கு, வயதானவர்களுக்கு, கர்ப்பிணிகளுக்கு அருமை. ஆனால் முன்பாதம் தொங்குகிறவர்களுக்குத் தள்ளவே வராது. ஸ்ப்ளின்ட் போடுகிறவர்களுக்குக் குதிப்பக்கத்தின் உள்மெத்தையே இடத்தை அடைத்துவிடும். ஆன்லைனில் வாங்கும் முன் திருப்பி எடுப்பார்களா என்று மட்டும் பார்க்காமல், வீட்டுக்கு வந்து எடுப்பார்களா என்றும் பாருங்கள். மூன்றாவது மாடியிலிருந்து பார்சலோடு இறங்கி கூரியர் ஆபீஸ் தேடுவதும் செலவில் சேர்த்திதான்.

செயற்கைக் காலில் ஷூ ஏறாமல் மல்லுக்கட்டுகிறவர்களுக்கு: வழுவழுப்பான பிளாஸ்டிக் பையைப் பாதத்துக்கு மாட்டி உள்ளே வழுக்கவிட்டு, பிறகு பையை உருவிவிடுங்கள். ஜவுளிக்கடையில் துணிப்பை கொடுக்கிற காலம் இது. பழைய பை ஒன்று இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

## வாங்கி மாற்றுவது

இதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு இதுதான் விடை. ஆனால் தப்பான ஷூவை வாங்கிக்கொண்டு போனால் எப்பேர்ப்பட்ட கைகாரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

எந்தச் சோல் தாங்கும். நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்து மீண்டு வரும், கையில் எடுத்தால் லேசாக இருக்கும்: அது இ.வி.ஏ. என்ற ஃபோம். மாற்றத்துக்கு அதுதான் ராஜா. பளபளவென்று கனமாக இருந்தால் பெரும்பாலும் பி.வி.சி. அதில் சாதாரண சிந்தெடிக் ரப்பர் பசை நிற்காது. பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்த்த எண்ணெய் மெல்லக் கசிந்து பசையைக் குழைத்துவிடும்; நாலு வாரத்தில் சோல் வாயைப் பிளக்கும். அதற்குப் பி.யு. (பாலியூரித்தேன்) பசைதான் போட வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். பி.யு. சோல் லேசானது, மெத்தென்று இருக்கும், ஆனால் நம் ஊர் ஈரக்காற்றில் வருஷக்கணக்கில் பெட்டியில் கிடந்தால் ரஸ்க் மாதிரி உதிரும். தள்ளுபடியில் கிடைக்கிறதென்று பழைய ஸ்டாக்கை வாங்கி, அதற்கு மேல் கைக்கூலியும் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இன்னொரு பொறி, பொந்துச் சோல். விலை குறைந்த லோஃபர், ஸ்போர்ட்ஸ் ஷூ பலவற்றில் மேலே கனமாகத் தெரியும் சோல் உள்ளே தேன்கூடு மாதிரி காலியாக இருக்கும். இன்சோலைத் தூக்கி விரலால் அமுக்கினால் தெரிந்துவிடும். வெட்டினால் பசை பிடிக்க இடமே இருக்காது.

உயரம் ஏற்றுவது. 1 செ.மீ. வரை உள்ளேயே குதிக்கு அடியில் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் குதி ஷூவைவிட்டு எழும்பிவிடும். வெளியில்தான் ஏற்ற வேண்டும். நல்ல முறை சாண்ட்விச். சோலை நடுவாக்கில் கிடையாக அறுத்து, இடையில் இ.வி.ஏ. தகட்டை வைத்து, தரையைத் தொடும் பழைய அடியை மீண்டும் அடியிலேயே ஒட்டுவது. கடையில் வந்த அதே அடி, அதே ஓரக்கோடு. நடுவில் ஒரு பட்டை கூடியிருக்கும், அவ்வளவுதான்.

உயரம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது. குதியில் 5 செ.மீ. என்றால் விரலடி மூட்டில் 3.5 முதல் 4, முனையில் 2 முதல் 2.5. ஏற்றிய சோல் மடங்காது. அதனால் முனை படகு மாதிரி மேலே வளைந்தால்தான் கால் உருண்டு முன்னே போகும். தட்டையாக ஒட்டிவிட்டால் ஒவ்வொரு அடியிலும் முனை தரையில் இடிக்கும்.

முழு வித்தியாசத்தையும் ஈடுகட்டவும் கூடாது. முழங்காலைப் பூட்டி நடக்கும் காலிபர்காரருக்கும் முன்பாதம் தொங்குகிறவருக்கும், இருக்கிற குறைவில் 1 செ.மீ.யை விட்டுவிட்டு மீதியை மட்டும் ஏற்றுவது வழக்கம். அந்த ஒரு சென்டிமீட்டர்தான் கால் வீசும்போது தரையில் உரசாமல் காப்பாற்றும். எவ்வளவு என்று எலும்பு மருத்துவரிடமோ காலிபர் செய்பவரிடமோ எழுதி வாங்கிவிடுங்கள். தைப்பவரிடம் "கொஞ்சம் தூக்கிக் கொடுங்கண்ணே" என்று சொன்னால் அவர் கண்ணளவுக்குத்தான் வரும்.

ஒட்டுவதற்கு முன் இ.வி.ஏ. தகட்டை பேக்கிங் டேப்பால் சோலின் அடியில் சுற்றிக் கட்டச் சொல்லிப் பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். இடுப்பு சமமாக இருக்கிறதா என்று கூட வந்தவர் பின்னால் நின்று பார்க்கட்டும். பிறகு ஒட்டு வேலை: இரண்டு பக்கமும் உப்புத்தாள் போட்டு மினுமினுப்பு போகத் தேய்ப்பது, தூசி துடைப்பது, பசை ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொரு பூச்சு, விரலால் தொட்டால் ஒட்டாத பதம் வரும் வரை 10, 15 நிமிஷம் விடுவது, அப்புறம் பொருத்திச் சுத்தியலால் ஓரம் முழுக்கத் தட்டுவது. ஈரப்பசையிலேயே அவசரமாக ஒட்டுகிறவரிடம் கொடுக்காதீர்கள். ஒட்டிய ஷூவை ஒரு நாள் போடக் கூடாது.

எடைக் கணக்கு. 8ஆம் சைஸ் சோலின் பரப்பு சுமார் 220 சதுர செ.மீ. சராசரி 3.5 செ.மீ. ஏற்றினால் 770 கன செ.மீ. இ.வி.ஏ.யில் இது 150 கிராம் சொச்சம். கெட்டி ரப்பரில் 800 கிராமைத் தாண்டும். "ரப்பர்தான் நாள்பட வரும்" என்று யாராவது சொன்னால், அடியில் 4 மி.மீ. மட்டும் ரப்பர் போதும் என்று சொல்லுங்கள். 3 செ.மீ.க்கு மேல் ஏறினால் அடி இரண்டு பக்கமும் 3 முதல் 5 மி.மீ. வெளியே விரிய வேண்டும். இல்லையென்றால் கணுக்கால் புரளும். அந்த உயரத்துக்குக் கணுக்காலை மூடும் ஷூவாகவே தேர்ந்தெடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பது. இப்போது கனமான சோல்தான் ஃபேஷன். நமக்கு அது வரப்பிரசாதம். 4 செ.மீ. கெட்டி இ.வி.ஏ. சோல் உள்ள ஜோடியை வாங்கி, நீளமான காலின் சோலில் 1.5 முதல் 2 செ.மீ. அறுத்து எடுத்துவிடலாம். குட்டைக் காலில் எதையும் ஒட்டாமலேயே அவ்வளவு வித்தியாசம் சமமாகிவிடும். எடையும் கூடாது, ஒட்டு விடும் பயமும் பாதி. அறுத்த பக்கத்திலும் குதி உயரம் மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இன்னும் 2 செ.மீ. தேவைப்பட்டால் அதைக் குட்டைப் பக்கம் ஏற்றி, இரண்டு சோலின் ஓரத்திலும் ஒரே நிறத்தில் ஒரு பட்டை அடித்துவிட்டால் அது டிசைனாகிவிடும். வெள்ளைச் சோலுக்குக் கறுப்புத் தகட்டை ஒட்டுவதுதான் ஊர் முழுக்கப் பார்க்கிற கொடுமை. பெரியமேட்டுக் கடைகளில் தகடு வேறு நிறங்களிலும் கேட்டுப் பாருங்கள்.

லேஸை மாற்றுவது. லேஸ் ஓட்டைகளிலேயே எலாஸ்டிக் லேஸ் கோத்தால் ஷூ தோற்றம் மாறாது. கையால் கட்டவும் வேண்டாம். வெல்க்ரோ போடுவதானால் எந்தக் கை வேலை செய்கிறதோ அந்தக் கையை நோக்கி இழுத்து ஒட்டும்படி பட்டை அமைய வேண்டும். கடை ஷூக்களில் பட்டை வெளிப்பக்கமாக மூடும். இடது கையால் வலது ஷூவை மாட்டுகிறவருக்கு அது எட்டாத திசை. வலது ஷூவில் மட்டும் பட்டையை உட்பக்கம் மூடும்படி தைக்கச் சொல்லுங்கள். ஜிப் வைத்தால் நைலான் ஜிப். காசிமேட்டு உப்புக்காற்றில் உலோக ஜிப் ஒரு வருஷம் தாங்காது.

முன்பாதம் தொங்குகிறவர்களுக்கு முனைதான் முதலில் தேயும். புது ஷூவிலேயே முனையில் 3 மி.மீ. ரப்பர் துண்டு ஒட்டிவிட்டால் ஷூவின் ஆயுள் கூடும். துண்டின் பின்விளிம்பு சீவியிருக்க வேண்டும். தடித்து நின்றால் அதுவே தடுக்கிவிடும்.

## அளவு கொடுத்துச் செய்வது

மூட்டு பெரிதும் புடைத்தவர்கள், விரல்களை இழந்தவர்கள், உள்ளங்கால் உள்பக்கம் திரும்பியவர்கள், 5 செ.மீ.க்கு மேல் குட்டையானவர்கள்: இவர்களுக்கு ரெடிமேட் மேல்பாகத்தை எவ்வளவு இழுத்தாலும் சேராது. அளவு கொடுப்பதே கடைசியில் லாபம்.

சென்னையில் தோல் வியாபாரம் என்றால் பெரியமேடு, சிடன்ஹாம்ஸ் சாலைப் பக்கம். தோல், சோல், பக்கிள், வெல்க்ரோ எல்லாம் அங்கே ஒரே சுற்றில் பார்க்கலாம். அங்கும் புளியந்தோப்புப் பக்கமும் கையால் செய்கிறவர்களிடம் முதலில் கேட்க வேண்டியது, "என் காலுக்குக் கட்டை தனியா செய்வீங்களா, இருக்கிற கட்டை மேல தோல் ஒட்டி ஏத்துவீங்களா?" இரண்டாவது முறையே பெரும்பாலும் நடக்கும், தப்பில்லை. ஆனால் ஏற்றிய அந்தக் கட்டையை உங்கள் பெயர் எழுதி வைத்திருக்க வேண்டும். இரண்டாவது ஜோடி சீக்கிரம் கிடைப்பதும் முதல் ஜோடியைவிட நன்றாக அமைவதும் அதனால்தான்.

மேல்தோல் கட்டையில் ஏறியதும், சோல் ஒட்டும் முன் ஒரு ட்ரையல் கட்டாயம். எங்கே பிடிக்கிறது என்று சாக்பீஸில் குறித்துக் கொடுங்கள். ஒட்டிய பிறகு திருத்தம் என்பது அநேகமாக ஒப்புக்குத்தான். புடைத்த எலும்பின் மேல் தையல் வரக் கூடாது. உள் லைனிங் மென்மையான ஆட்டுத்தோலாக இருக்கட்டும். போனில் படம் காட்டினால் நிறமும் அலங்காரமும் புரியும், முனையின் வடிவம் புரியாது. பிடித்த மாதிரி ஒரு பழைய ஷூவைக் கொண்டுபோங்கள். கூர்முனை கேட்காதீர்கள். அது விரலுக்கு முன்னால் 2 செ.மீ. வெற்றிடத்தைச் சேர்க்கும்; ரோட்டு மேட்டில் தடுக்குவது அதுதான்.

விலையைக் கேட்டு மலைக்கும் முன் மாதக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 4,500 ரூபாய்க்குச் செய்தது 18 மாதம் வந்தால் மாதம் 250. 1,500க்கு வாங்கி 900 கொடுத்து மாற்றியது 10 மாதம் வந்தால் மாதம் 240. கிட்டத்தட்ட ஒன்றுதான். வித்தியாசம் காத்திருப்பில். ரம்ஜான், தீபாவளிக்கு முந்தின மாதமும் பள்ளி திறக்கும் சமயமும் ஆர்டர் கொடுத்தால் சொன்ன தேதிக்கு வராது. முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். ட்ரையல் முடிந்ததும் கால்வாசி, கையில் வாங்கும்போது மீதி.

## மருத்துவமனை வழி

பாதத்தில் உணர்வு குறைந்தவர்களுக்கு இதில் விவாதமே இல்லை. சர்க்கரை நோயில் மரத்துப்போன பாதமும் தொழுநோயிலிருந்து குணமானவர்களின் பாதமும் ஷூ கடிப்பதைச் சொல்லாது. புண் வந்த பிறகுதான் தெரியும். எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பு இதற்காகவே வந்தது. 1950களில் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் பால் பிராண்டும் உடன் இருந்தவர்களும் உணர்விழந்த பாதங்களுக்காக இந்த மெத்தென்ற ரப்பரைச் செருப்புக்குக் கொண்டுவந்தார்கள். ராயபுரத்தில் 1954ல் தொடங்கிய எம்.வி. நீரிழிவு மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது; பாதத்தைப் பரிசோதித்துக்கொண்டு பிறகு செருப்பைப் பற்றிப் பேசுங்கள்.

எம்.சி.ஆர். என்று சொல்லி விற்பதெல்லாம் எம்.சி.ஆர். இல்லை. இரண்டு விரலுக்கிடையே வைத்து அழுத்தினால் நன்றாக அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அமுங்காவிட்டால் சாதாரண ரப்பர். அமுங்கி எழாவிட்டால் பழசு. பின்வார் கட்டாயம், வார் இல்லாத செருப்பை விரல்கள் பற்றிப் பிடிக்கும், அங்கே புண் வரும். விரலிடுக்கு வார் கூடாது. ஆணி எதுவும் அடித்திருக்கக் கூடாது, ஒட்டும் தையலும் மட்டும். அழகுக்கும் வழி உண்டு: மேல்வாரின் நிறத்தையும் பக்கிளையும் மாற்றித் தரச் சொன்னால் பெரும்பாலும் செய்வார்கள். கேட்பவர்கள் குறைவு, அதனால்தான் எல்லாம் கறுப்பாகவே வருகின்றன.

காலிபர், செயற்கைக் கால், அதற்கான ஷூ இவற்றுக்கு கே.கே. நகரில் உள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையமும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் உண்டு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் மத்திய அரசின் யு.டி.ஐ.டி. அட்டையும் கையோடு இருக்கட்டும். கையிலிருந்து காசு பெரிதாகப் போகாது. ஆனால் திருவொற்றியூரிலிருந்து கே.கே. நகர் ஊரின் மறுகோடி. அளவு கொடுக்க, போட்டுப் பார்க்க, வாங்க என்று மூன்று நாள். துணைக்கு வருபவருக்கும் மூன்று நாள். 2021லிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுவதால், லிஃப்ட்டில் ஏறிப் பாதி தூரமாவது படியில்லாமல் போய்விடலாம்.

இரும்புக் கம்பி காலிபர் ஷூவின் சோலோடு சேர்த்து மாட்டப்படுவது. அந்த ஒரு ஷூவோடு கட்டிப்போட்ட மாதிரி. விதவிதமாகப் போட ஆசைப்படுகிறவர்கள், ஷூவுக்குள் நுழைகிற பிளாஸ்டிக் காலிபர் தங்கள் காலுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஒத்துவந்தால் மேலே சொன்ன மாற்றும் வழி முழுக்கத் திறந்துகொள்ளும். குதி உயரம் மட்டும் எல்லா ஷூவிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கோணல் பாதத்துக்காகக் குழந்தைக்குக் கொடுத்த கம்பி ஷூவில் மட்டும் அழகுக்கென்று யாரும் கை வைக்க வேண்டாம்.

## வாங்கிய பிறகு

எந்த வழியில் வந்த ஷூவானாலும் முதல் நாள் வீட்டில் அரை மணி. கழற்றிப் பாதத்தைப் பாருங்கள். சிவந்த தடம் 20 நிமிஷத்தில் மறையாவிட்டால் அங்கே இடம் பண்ண வேண்டும். அதற்குப் பிறகுதான் அடுத்த நாள் ஒரு மணி நேரம்.

ஐப்பசி, கார்த்திகையில் வியாசர்பாடி, புளியந்தோப்புத் தெருக்களில் கணுக்கால் தண்ணீரில் நடக்காமல் தீராது. ஏற்றிய ஷூவுக்கு அது ஆகாது. தோலும் கார்க்கும் ஊறும், இ.வி.ஏ. ஊறாது. நனைந்ததை மொட்டைமாடி வெயிலில் காய வைத்தால் பசை இளகிச் சோல் பிரியும். பேப்பரைத் திணித்து ஃபேனுக்கு அடியில் வையுங்கள். மழை மாதங்களுக்கென்று பழைய ஜோடி ஒன்றுக்கும் அதே உயரம் ஏற்றி வைத்துக்கொள்வது நல்லது. வெல்க்ரோவில் தூசியும் நூலும் அடைந்தால் பழைய டூத்பிரஷ் போதும். பட்டையை மாற்ற வேண்டாம்.

பட்ஜெட்டில் எல்லாரும் மறக்கிற ஒன்று வீட்டுக்குள் போடும் ஜோடி. வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டு, நாளில் பாதி நேரம் சமமில்லாத காலோடு சமையலறையில் நின்றால் வெளியில் செய்த செலவு வீண். பின்வார் உள்ள லேசான சாண்டல் ஒன்றுக்கு அதே உயரத்தை ஏற்றி, வீட்டுக்கு மட்டும் என்று வையுங்கள். கோயிலில் அதுவும் வாசலோடு நின்றுவிடும். உணர்வற்ற பாதம் உள்ளவர்கள் திருவொற்றியூர் வடிவுடையம்மன் கோயிலுக்கு வெயில் ஏறும் முன் காலையிலேயே கனமான சாக்ஸோடு போய் வந்துவிடுங்கள். பன்னிரண்டு மணிக் கல் சுடுவது காலுக்குத் தெரியாது, கொப்புளம் சாயங்காலம்தான் தெரியும்.